பெங்களூருவில் டிக்ரி கையில் இருக்கிறது, கடன் வாங்கியவர் திருப்பூருக்குப் போய்விட்டார்: இனி என்ன வழி?

ஸ்ரீராமபுரத்தில் தையல் யூனிட் வைத்திருந்தவருக்கு 8 லட்ச ரூபாய் கொடுத்தீர்கள், புரோநோட்டு இருந்தது, பெங்களூரு சிட்டி சிவில் கோர்ட்டில் கேஸ் போட்டீர்கள், அவர் வரவே இல்லை, எக்ஸ்பார்ட்டியாக, அதாவது அவர் இல்லாமலேயே, டிக்ரி (அவர் பணம் தர வேண்டும் என்ற தீர்ப்பாணை) ஆகி இரண்டரை வருஷம் ஆகிறது. இதற்கிடையில் அவர் லீஸுக்கு இருந்த வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய், அங்கே பனியன் யூனிட் நடத்துகிறார் என்று கேள்விப்படுகிறீர்கள். கர்நாடக கோர்ட் கொடுத்த டிக்ரி தமிழ்நாட்டில் செல்லுமா, மறுபடி முதலிலிருந்து கேஸ் போட வேண்டுமா, போலீஸில் புகார் கொடுத்தால் நடக்குமா, எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் அவருடைய மகன் சம்பளத்தில் பிடிக்க முடியுமா, இவைதான் உங்கள் கேள்விகள். டிக்ரி செல்லும், புதுக் கேஸ் வேண்டாம், போலீஸ் இதில் வராது, மகன் சம்பளத்தைத் தொட முடியாது. ஆனால் நீங்கள் நிஜமாகக் கேட்பது அந்தப் பணம் கைக்கு வருமா என்பதுதானே. அதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

நான் பெங்களூருவில் சிவில் பக்கம் வக்கீலாக இருக்கிறேன். தமிழ் தெரிந்தவன் என்பதால் இந்த மாதிரி எல்லை தாண்டிய கேஸ்கள் பல வருஷமாக என்னிடம் வருகின்றன. அத்திப்பள்ளி தாண்டி ஓசூருக்கு வீடு மாற்றினாலே போதும், பெங்களூரு கோர்ட் அமீனா (ஜப்தி செய்ய வரும் கோர்ட் ஊழியர்) அங்கே கால் வைக்க முடியாது என்று கடன் வாங்கியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அது உண்மைதான். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 39ஆம் பிரிவில் 2002இல் சேர்த்த நான்காவது உட்பிரிவு, டிக்ரி கொடுத்த கோர்ட் தன் எல்லைக்கு வெளியே இருக்கும் ஆள் மீதோ சொத்து மீதோ அதை நிறைவேற்ற முடியாது என்று சொல்கிறது. அதே 39ஆம் பிரிவுதான் வழியையும் சொல்கிறது: அவர் வசிக்கிற, தொழில் நடத்துகிற, அல்லது சொத்து வைத்திருக்கிற ஊரின் கோர்ட்டுக்கு டிக்ரியை அனுப்பச் சொல்லி டிக்ரி கொடுத்த கோர்ட்டிலேயே நீங்கள் மனு போடலாம். அனுப்பிய பிறகு, திருப்பூர் கோர்ட் அந்த டிக்ரியைத் தானே கொடுத்தது போல நிறைவேற்றும், 42ஆம் பிரிவு அதற்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. கடன் நியாயமானதா, வட்டி அதிகமா என்றெல்லாம் அங்கே மறுபடி விசாரிக்க மாட்டார்கள். நிறைவேற்றும் கோர்ட் டிக்ரிக்குப் பின்னால் போகக் கூடாது என்பது நிலைபெற்ற சட்டம்.

டிரான்ஸ்பர் மனு போடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். பெங்களூருவிலேயே அவருடையது ஏதாவது மிச்சம் இருக்கிறதா பாருங்கள், ஏனென்றால் இங்கே இருப்பதைப் பிடிக்கத் திருப்பூர் போகவே வேண்டாம். லீஸ் வீடு என்று சொன்னீர்கள் இல்லையா, எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். நம் ஊரில் லீஸ் என்றால் மாத வாடகை இல்லாமல் ஓனரிடம் சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்து வைப்பது, காலி செய்யும்போது அது திரும்ப வர வேண்டும். பூட்டிவிட்டு அவசரமாகப் போனவர் அந்தத் தொகையை வாங்கிக்கொண்டுதான் போனாரா, இல்லை ஓனர் அடுத்த ஆள் வரட்டும், தருகிறேன் என்று நிறுத்தி வைத்திருக்கிறாரா? நிறுத்தி வைத்திருந்தால் அது சட்டப்படி ஓனர் அவருக்குத் தர வேண்டிய கடன். சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 21 ரூல் 46இன் கீழ் (இனி வெறும் ரூல் என்று சொன்னால் இந்த ஆர்டர் 21தான்) அதை இங்கேயே ஜப்தி செய்து, ரூல் 46ஏ படி ஓனரை அந்தப் பணத்தைக் கோர்ட்டில் கட்ட வைக்கலாம். ஓனரிடம் போய்ச் சண்டை போடாதீர்கள், சாதாரணமாக விசாரியுங்கள், லீஸ் அக்ரிமென்ட் யார் பெயரில் என்பதையும் கேளுங்கள். அவருடைய பேங்க் கணக்கு பெங்களூரு கிளையில் இன்னும் உயிரோடு இருந்தால் அதற்கும் இதே ரூல்தான். நீங்கள் எப்போதாவது அவருக்கு செக்கோ ஆன்லைனிலோ பணம் அனுப்பியிருந்தால் கிளை விவரம் உங்கள் ஸ்டேட்மென்ட்டிலேயே இருக்கும்.

மகன் விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். புரோநோட்டில் கையெழுத்துப் போட்டது அப்பா மட்டும், டிக்ரி அப்பா மீது மட்டும். 60ஆம் பிரிவு கடனாளியின் சொத்தையும், லாபத்தைத் தன் இஷ்டப்படி பயன்படுத்த அவருக்கு உரிமை உள்ள சொத்தையும்தான் ஜப்தி செய்ய விடுகிறது. மகன் சம்பாதிப்பது மகனுடையது. இதே மாதிரி சிக்கலில் இருந்து, கடனாளியே சம்பளக்காரராக இருப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். கடனாளி சென்னைக்கோ ஹைதராபாத்துக்கோ மாற்றலாகிப் போயிருந்தாலும், சம்பளம் போடும் அதிகாரி பெங்களூரு ஆபீஸில் இருந்தால் ரூல் 48ஏ படி பெங்களூரு கோர்ட்டே சம்பளத்தைப் பிடிக்கச் சொல்லி உத்தரவிடலாம், டிக்ரியை எங்கேயும் அனுப்ப வேண்டாம். முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் விட்டுவிட வேண்டும். 60,000 ரூபாய் சம்பளம் என்றால் மாதம் சுமார் 19,600 வரை பிடிக்கலாம். ஆனால் ஒரே டிக்ரிக்கு மொத்தம் 24 மாதம்தான், அதற்கு மேல் அந்தச் சம்பளத்தைத் தொட முடியாது. பி.எஃப்., அரசு பென்ஷன் இவற்றையும் தொட முடியாது.

சரி, திருப்பூருக்கு வருவோம். டிக்ரியை அனுப்பச் சொல்லும் மனுவோடு, அவர் அங்கே இருக்கிறார் என்பதற்கு ஏதாவது ஆதாரம் வையுங்கள், கம்பெனி போர்டின் போட்டோவோ, ஜி.எஸ்.டி. பதிவு விவரமோ, அந்த முகவரியில் அவர் கையெழுத்துப் போட்டு வாங்கிய தபால் அட்டையோ எதுவானாலும் சரி. மனு அனுமதிக்கப்பட்டால் கோர்ட் மூன்று காகிதங்களை அனுப்ப வேண்டும் என்று ரூல் 6 சொல்கிறது: டிக்ரி நகல், இதுவரை எதுவும் வசூலாகவில்லை, அல்லது இவ்வளவுதான் வசூலானது என்ற சான்று, நிறைவேற்றச் சொல்லி ஏற்கெனவே உத்தரவு இருந்தால் அதன் நகல், இல்லையென்றால் இல்லை என்ற சான்று. 1976 திருத்தத்துக்குப் பிறகு வேறு மாநிலமாக இருந்தாலும் நேரடியாக அந்தக் கோர்ட்டுக்கே அனுப்பலாம். அந்தத் தொகைக்கு அதிகாரம் முன்சீப் கோர்ட்டுக்கா சப் கோர்ட்டுக்கா என்பதை அனுப்பும் முன்பே திருப்பூர் வக்கீலிடம் கேட்டு மனுவில் சரியாக எழுதுங்கள். மாவட்ட கோர்ட்டுக்கு அனுப்பினாலும் அங்கிருந்து உரிய கோர்ட்டுக்குத் தள்ளிவிடுவார்கள், ஆனால் அதற்கு ஒரு சுற்று நேரம் வீணாகும்.

இந்தக் கட்டத்தில்தான் நிறைய பேர் ஏமாந்து நிற்கிறார்கள். மனு அலவ் ஆயிற்று, இனி கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். உத்தரவு வந்தபின் செக்‌ஷனில் அந்தச் சான்று தட்டச்சாக வேண்டும், நீதிபதி கையெழுத்தாக வேண்டும், கட்டு தபாலில் போக வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் அது நாட்கணக்கில் கிடக்கும், யாரும் கெட்ட எண்ணத்தோடு நிறுத்துவதில்லை, மேஜை மேல் அவ்வளவு கட்டுகள். அனுப்பிய தேதியையும் டெஸ்பாட்ச் நம்பரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அந்த நம்பரை வைத்துத்தான் திருப்பூரில் வந்து சேர்ந்ததா என்று கேட்க முடியும். அங்கே சேர்ந்துவிட்டாலும் தானாக எதுவும் ஆரம்பிக்காது. திருப்பூரில் ஒரு வக்கீலுக்கு வக்காலத்துப் போட்டு, அங்கே தனியாக இ.பி., அதாவது டிக்ரியை நிறைவேற்றச் சொல்லும் மனு, தாக்கல் செய்தால்தான் அவருக்கு நோட்டீஸ் போகும். மாநிலம் மாறினால் நிறைவேற்றும் முறை அந்த மாநில விதிகளின்படி நடக்கும் என்று 40ஆம் பிரிவு சொல்வதால், பெங்களூரு வக்கீல் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த ஊர்க் கோர்ட்டில் தினமும் நிற்கிற ஒருவர் உங்களுக்கு வேண்டும். வசூலாவதில் இத்தனை சதவீதம் என் பங்கு என்று பேசும் வக்கீலிடம் போகாதீர்கள், பார் கவுன்சில் விதிகள் அதை அனுமதிப்பதில்லை. ஆள் வைத்து வாங்கித் தருகிறேன் என்று வருகிறவர்கள் பக்கமே போகாதீர்கள், அவர்கள் செய்வதற்குக் கிரிமினல் கேஸ் உங்கள் மேல் வரும்.

உங்களுக்கு டிக்ரி ஆகி இரண்டு வருஷம் தாண்டிவிட்டது, அதனால் ரூல் 22 படி முதலில் அவருக்கு நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். அந்த நோட்டீஸைப் பார்த்ததும் சொத்தை மாற்றிவிடுவார் என்ற பயம் உங்களுக்கு இருக்கும், இருக்க வேண்டியதுதான். தாமதமானால் நியாயம் தோற்றுவிடும் என்று காரணம் எழுதி நீதிபதி அந்த நோட்டீஸைத் தவிர்க்கலாம், ஆனால் தவிர்ப்பாரா என்பது அவர் கையில். இதற்காகவே 46ஆம் பிரிவில் பிரிசெப்ட் என்று ஒன்று இருக்கிறது, வக்கீல்களே அதிகம் பயன்படுத்துவதில்லை. குறிப்பிட்ட சொத்து இன்ன இடத்தில் இருக்கிறது என்று காட்டினால், டிரான்ஸ்பர் முடிவதற்கு முன்பே அதை ஜப்தி செய்யச் சொல்லி பெங்களூரு கோர்ட் திருப்பூர் கோர்ட்டுக்கு எழுதலாம். அந்த ஜப்தி இரண்டு மாதம் நிற்கும், அதற்குள் டிக்ரியை அனுப்ப வைத்து அந்தச் சொத்தை விற்க மனு போட வேண்டும் அல்லது கால நீட்டிப்பு வாங்க வேண்டும். ஜப்திக்குப் பிறகு அவர் அந்தச் சொத்தை விற்றாலும் அந்த விற்பனை உங்களைக் கட்டுப்படுத்தாது.

ஆனால் பிரிசெப்ட் கேட்பதற்கும் சரி, இ.பி.யில் ஜப்தி கேட்பதற்கும் சரி, என்ன சொத்து, எங்கே என்று எழுதிக் கொடுக்க வேண்டியவர் நீங்கள். மாநில எல்லையைத் தாண்டுவது காகித வேலை, அது நடந்துவிடும். என் அனுபவத்தில் வசூல் நின்றுபோவது அவரிடம் என்ன இருக்கிறது என்று டிக்ரி வாங்கியவருக்குத் தெரியாமல் போவதால்தான். திருப்பூரிலும் அவருடைய சொந்த ஊரிலும் அவருக்கோ, அவர் அப்பாவுக்கோ, மனைவிக்கோ இருப்பதாகத் தெரியும் இடங்களுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், தமிழ்நாட்டில் பதிவுத் துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். பட்டாவும் பாருங்கள். அப்பா பெயரில் இருந்து அப்பா இறந்திருந்தால் அதில் இவருக்கு ஒரு பங்கு இருக்கலாம். பார்க்கும்போது தேதியில் கண் வையுங்கள். நீங்கள் கேஸ் போட்ட தேதிக்குப் பிறகு மனைவிக்கோ தம்பிக்கோ செட்டில்மென்ட் எழுதி வைத்திருந்தால் அந்த ஒரு வரி உங்களுக்குப் பெரிய ஆயுதம். கடன் கொடுத்தவர்களை ஏமாற்றச் செய்த மாற்றம் என்று சொத்து மாற்றச் சட்டத்தின் 53ஆம் பிரிவில் அதை எதிர்க்கலாம், அரெஸ்ட் கேட்கவும் அது ஒரு காரணமாகும்.

பனியன் யூனிட்டில் இருக்கும் மெஷின்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று நீங்கள் நினைத்திருந்தால், அங்கே எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. கைவினைஞரின் தொழில் கருவிகளை ஜப்தி செய்யக் கூடாது என்று 60ஆம் பிரிவு சொல்கிறது. அவரே உட்கார்ந்து தைக்கும் ஒரு மெஷினுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கும், பத்து மெஷினில் ஆள் வைத்து ஓட்டினால் கிடைப்பது கஷ்டம், நடுவில் இருப்பது நீதிபதி பார்வையைப் பொறுத்தது. அதைவிடப் பெரிய தொல்லை, அமீனா போய் நிற்கும்போது போர்டு மனைவி பெயரில் இருக்கும், மெஷின் ஃபைனான்ஸில் இருக்கும், இது என்னுடையது என்று மூன்றாவது ஆள் ரூல் 58 மனுவோடு வருவார், அது தனியாக ஒரு கேஸ் மாதிரி நடக்கும். நான் மெஷினை விட அவருக்கு வர வேண்டிய கூலிப் பணத்தைத்தான் குறி வைப்பேன். அங்கே சின்ன யூனிட்டுகள் பலவும் பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் வொர்க் செய்பவைதான். யாருக்குத் தைத்துக் கொடுக்கிறார் என்று தெரிந்தால், அந்தக் கம்பெனி அவருக்குத் தர வேண்டிய பில் தொகையை ரூல் 46ஏ படி நிறுத்தலாம். ஆர்டர் கொடுக்கும் இடத்துக்குக் கோர்ட் நோட்டீஸ் போனால் வாரக் கடைசியில் ஆட்களுக்குக் கூலி கொடுக்கவே அவர் திணறிவிடுவார், அதனால் அந்த வாரமே சமாதானம் பேச வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். யூனிட் சட்டப்படி மனைவியுடையது என்றால் இதுவும் எளிதில்லை, பணம் போட்டது யார், கணக்கை இயக்குவது யார் என்று நிரூபிக்க வேண்டியிருக்கும்.

சொத்து எதுவும் தெரியவில்லை என்றால் ரூல் 41 இருக்கிறது. அவரைக் கூண்டில் ஏற்றி, உன்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்கச் சொல்லலாம். டிக்ரி 30 நாள் தீராமல் இருந்தாலே சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய உத்தரவு கேட்கலாம், உத்தரவை மீறினால் மூன்று மாதம் வரை சிவில் சிறை. இன்னொன்று அரெஸ்ட் இ.பி., பண டிக்ரி என்றால் தமிழ்நாட்டில் பல வக்கீல்கள் முதலில் எடுப்பதே அதைத்தான். ஆனால் பணம் கொடுக்க வழி இல்லாதவரை உள்ளே தள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. வசதி இருந்தும் கொடுக்காமல் இருக்கிறார், அல்லது கேஸ் போட்ட பிறகு நேர்மையில்லாமல் சொத்தை மாற்றினார் என்று நீங்கள் காட்ட வேண்டும். சிறையில் அவர் சாப்பாட்டுச் செலவையும் நீங்கள்தான் கட்ட வேண்டும், அதிகபட்சம் மூன்று மாதம், அதற்குப் பிறகும் கடன் அப்படியே நிற்கும். பெண்களை பண டிக்ரிக்காகக் கைது செய்ய முடியாது.

அவர் பக்கமிருந்து என்ன வரும் என்றும் எதிர்பார்த்து வையுங்கள். உங்கள் டிக்ரி எக்ஸ்பார்ட்டி. எனக்கு சம்மனே வரவில்லை என்று பெங்களூரு கோர்ட்டில் ஆர்டர் 9 ரூல் 13 மனு போடுவார், டிக்ரி பற்றித் தெரிந்த நாளிலிருந்து 30 நாள் என்று கணக்குக் காட்டுவார். இதைச் சாக்காக வைத்துத் திருப்பூரில் கொஞ்ச நாள் ஸ்டே கேட்பார், ரூல் 26 அதற்கு இடம் கொடுக்கிறது, ஜாமீன் கட்டச் சொல்லி நீங்கள் கேட்கலாம். நான் உங்கள் கட்டைப் பார்க்கவில்லை, அதனால் இந்த இடத்தில் உறுதியாகச் சொல்ல முடியாது. சம்மனை அவரே கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தால் பயமில்லை. பூட்டிய வீட்டுக் கதவில் ஒட்டியிருந்தாலோ பேப்பர் விளம்பரம் மட்டும் கொடுத்திருந்தாலோ, அப்போது அவர் ஏற்கெனவே ஊரை விட்டுப் போயிருந்தார் என்று அவர் நிரூபித்தால் டிக்ரி ஆட்டம் காணும். இன்றே சர்டிஃபைட் காப்பிக்கு மனு கொடுத்து ஆர்டர் ஷீட்டில் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிடுவேன், அதாவது திவால் மனு போட்டுவிடுவேன் என்று மிரட்டினாலும் உடனே தளர வேண்டாம். வெறும் மனு போட்டதால் கடன் அழியாது. ஆனால் கோர்ட் அவரை இன்சால்வென்ட் என்று அறிவித்துவிட்டால் அதற்குப் பிறகு கோர்ட் அனுமதி இல்லாமல் நீங்கள் அவர் சொத்து மீது நடவடிக்கை எடுக்க முடியாது, அங்கே போய் உங்கள் கடனைப் பதிவு செய்ய வேண்டும்.

காலம் எவ்வளவு ஆகும் என்றால், இ.பி.யை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று ராகுல் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் உத்தரவிட்டது, 2025இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலும் அதையே வலியுறுத்தியது. வாய்தா கேட்டு இழுக்கும்போது உங்கள் வக்கீல் இதை எழுத்தில் வைக்கட்டும். இழுத்தாலும் டிக்ரி தேதியிலிருந்து உங்களுக்கு 12 வருஷம் இருக்கிறது, வட்டியும் டிக்ரியில் சொன்னபடி ஏறிக்கொண்டே போகும். இப்போது ஒன்றும் கிடைக்காவிட்டாலும் அவருக்கு ஊரில் பாகம் பிரியும் நாளில் உங்கள் டிக்ரி உயிரோடு இருக்கும், வில்லங்கச் சான்றை அவ்வப்போது போட்டுப் பார்த்துக்கொண்டிருங்கள்.

இ.பி. நோட்டீஸ் போனதும் பெரியவர்கள் யாரையாவது கூட்டிக்கொண்டு பேச வந்தால் பேசுங்கள். 8 லட்சத்துக்கு வட்டியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து தவணையில் வாங்குவது பல கேஸில் புத்திசாலித்தனமாகவே இருந்திருக்கிறது, அவரும் யூனிட்டை ஓட்டினால்தான் உங்களுக்குப் பணம் வரும். ஆனால் வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு இ.பி.யை வாபஸ் வாங்காதீர்கள். முதல் தவணையைக் கையில் வாங்கிய பிறகு, தவணை தவறினால் முழுத் தொகைக்கும் இ.பி. தொடரும் என்று கோர்ட்டில் மெமோ போட்டுப் பதிவு செய்யுங்கள். வெளியே வாங்கிய ஒவ்வொரு ரூபாயையும் ரூல் 2 படி கோர்ட்டில் காட்டிவிடுங்கள், அது உங்கள் கடமை. மறைத்தால் அடுத்த தடவை நீங்கள் சொல்லும் கணக்கை நீதிபதி நம்ப மாட்டார்.